நாலு டயோடு போட்டும் பாதி அலைதானா?

பாலிடெக்னிக்கிலும் ஐ.டி.ஐ.யிலும் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நம் பிள்ளைகளைச் செய்முறைத் தேர்வில் தடுமாற வைக்கும் ஒரு விஷயத்தை இந்த இதழில் பார்ப்போம்.

12 வோல்ட் டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜாக நான்கு 1என்4007 டயோடுகள், லோடுக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். கெப்பாசிட்டர் இன்னும் போடவில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு முழு அலைக்கு 20 மில்லி செகண்ட். பிரிட்ஜ் இரண்டு பாதிகளையும் ஒரே பக்கம் திருப்பிவிடுவதால் அவுட்புட்டில் 10 மில்லி செகண்டுக்கு ஒரு மேடு வரவேண்டும். 12-ஐ 1.414-ஆல் பெருக்கினால் உச்சம் ஏறத்தாழ 17 வோல்ட். வழியில் இரண்டு டயோடுகள் தலா 0.7 வோல்ட் எடுத்துக்கொள்ள, மிஞ்சுவது 15.6.

ஆனால் ஆசிலோஸ்கோப் திரையில் ஒரு மேடு, ஒரு வெற்றிடம், மறுபடி ஒரு மேடு. பிள்ளைகள் உடனே டயோடு போய்விட்டது என்று நான்கையும் மாற்றுகிறார்கள். படம் மாறுவதில்லை. பிறகு புத்தகத்தில் உள்ள படத்தையே ரெக்கார்டு நோட்டில் வரைந்துவிடுகிறார்கள். இது சரியல்ல, திரை காட்டியது பொய்யில்லையே!

ஸ்கோப்பின் இரண்டு சேனல்களின் கிரவுண்டு கிளிப்புகளும் உள்ளே ஒன்றுதான். இன்புட்டைப் பார்க்க முதல் கிளிப்பை டிரான்ஸ்பார்மரின் ஒரு முனையிலும், அவுட்புட்டைப் பார்க்க இரண்டாவதை பிரிட்ஜின் மைனஸிலும் மாட்டினால், நடுவில் உள்ள டயோடு ஷார்ட் ஆகிவிடும். ஒரு பாதி அலை ஒழுங்காக லோடுக்குப் போகும். அடுத்த பாதியில் கரண்ட் லோடுக்குப் போகாமல், கிளிப் வழியாகவும் மைனஸ் பக்கத்து இன்னொரு டயோடு வழியாகவும் டிரான்ஸ்பார்மருக்கே திரும்பும். அந்த டயோடு சுடும், டிரான்ஸ்பார்மரும் சுடும். கவனிக்காமல் விட்டால் இரண்டும் கருகும்.

கிளிப்பா, டயோடா என்று அறிய இன்புட் அலையைப் பாருங்கள். அதுவும் ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருந்தால் குற்றவாளி கிளிப். இன்புட் முழுதாக இருந்து அவுட்புட் மட்டும் பாதியானால், ஒரு டயோடு திறந்துகிடக்கிறது அல்லது சால்டர் விட்டிருக்கிறது. சப்ளையை நிறுத்தி, சந்தேகப்பட்ட டயோடின் ஒரு காலைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். ஒரு பக்கம் 0.5 முதல் 0.7 வரை காட்டி, மறுபக்கம் ஒன்றும் காட்டாவிட்டால் அது நல்ல டயோடு.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தே ஆகவேண்டுமா? மைனஸில் மட்டும் கிரவுண்டு வையுங்கள். டிரான்ஸ்பார்மரின் இரு முனைகளிலும் இரண்டு சேனல்களை வைத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துக் காட்டும்படி ஸ்கோப்பைத் திருப்பினால் இன்புட் முழுதாகத் தெரியும். பிறகு ஒரு சேனலைப் பிளஸுக்கு மாற்றினால் அவுட்புட். ஸ்கோப்பின் எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொல்பவர்களும் உண்டு. அதை ஒருபோதும் செய்யாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

கெப்பாசிட்டர் போட்டபின் வெற்றிடம் நிரம்பி, குறை கண்ணுக்குத் தெரியாது. அப்போது மேலே தெரியும் சிற்றலையை அளந்து பாருங்கள்: 10 மில்லி செகண்டுக்கு ஒன்று வந்தால் நான்கு டயோடுகளும் வேலை செய்கின்றன, 20 என்றால் எங்கோ பாதி நிற்கிறது.