பாட்டியின் முகம் தெரியவில்லை

2022ஆம் ஆண்டு பல்கலைக்கழக விடுமுறையில் பாட்டியைச் சுங்கைப் பட்டாணியிலிருந்து பத்துமலைக்கு அழைத்துச் சென்றோம். அன்று மட்டும் நான் எடுத்த படங்கள் 143. மறு ஆண்டு பாட்டி காலமானார். மாலையிட்டு வைக்க ஒரு படம் தேடியபோது அந்த 143இல் ஒன்றுகூட உதவவில்லை. முருகன் சிலை பளிச்சென்று இருந்தது. 2018இல் வண்ணம் பூசிய படிகளும் பளிச்சென்று இருந்தன. பாட்டி மட்டும் கறுத்த உருவமாக நின்றார். அந்த வருத்தத்தில்தான் படமெடுப்பதைப் பற்றிக் கற்கத் தொடங்கினேன். பயணம் போகும் நண்பர்களுக்குப் பயன்படுமே என்று எழுதுகிறேன்.

முதல் தவறு, நேரம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் 1 மணி. உச்சிவெயில் 12 மணிக்கே முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். 1982இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னுக்கு நகர்த்திச் சபா, சரவாக் நேரத்தோடு இணைத்தார்கள். ஆகவே கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 1.15க்கு! அப்போது நெற்றியும் மூக்கும் வெளுத்து, கண்குழிகள் இரண்டும் இருண்டுவிடும். காலை 8 முதல் 9.30 வரையிலும் மாலை 5.30க்கு மேலும் ஒளி பக்கவாட்டில் வந்து முகத்தைத் தொடும். மாலையை நம்பினால் தாமதிக்காதீர்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் பொன்னொளி நீடிப்பதில்லை. தே தாரிக் குடித்துவிட்டு வரலாம் என்று போனால் போனதுதான்.

இன்னொரு வேடிக்கை. குளிரூட்டிய வேனிலிருந்து இறங்கியதும் எடுத்த முதல் பத்துப் படங்களும் ஒரே புகைமூட்டம். குளிர்ந்த லென்ஸில் நம் ஊர் ஈரக்காற்று படிந்துவிட்டது. துடைக்கத் துடைக்க மீண்டும் படியும். இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே குளிர்க்காற்று படாத இடத்தில் கேமராவை வைத்திருந்தால் போதும்.

பெரிய தவறுக்கு வருகிறேன். பாட்டியைப் படிகளில் நிறுத்திக் கீழிருந்து எடுத்தேன். அவருக்குப் பின்னால் வெள்ளை வானம். கேமராவுக்குப் பாட்டியைத் தெரியாது. மொத்த வெளிச்சத்தைத்தான் அளக்கிறது. வானம் பிரகாசமாக இருந்தால் படம் முழுவதையும் இருட்டாக்கிவிடும். கைத்தொலைபேசி என்றால் திரையில் முகத்தின்மேல் விரலை வைத்து அழுத்தி, வெளிச்ச அளவை மேலே நகர்த்துங்கள். கேமரா என்றால் கூட்டல் கழித்தல் குறியுள்ள பொத்தானை அழுத்தி +1 அல்லது +1.5 வையுங்கள். வானம் வெளுத்துப் போகும், போகட்டும். ஆள் அருகில் இருந்தால் பட்டப்பகலிலும் ஃபிளாஷ் போடலாம். அதைவிட எளிது, நீங்கள் இடம் மாறி நிற்பது. இரண்டு படி மேலே ஏறி, கீழ்நோக்கி எடுத்திருந்தால் வானமே வந்திருக்காது.

சிலையோடும் ஒரு படம் வேண்டுமே! 2006இல் திறக்கப்பட்ட அந்தச் சிலையின் உயரம் 42.7 மீட்டர். பாட்டியை அதன் காலடியில் நிறுத்திவிட்டு, முடி வரை தெரிவதற்காக நான் பின்னால் நடந்துகொண்டே இருந்தேன். பாட்டி எறும்பாகிவிட்டார். "நாங்க வயசுல வந்தப்ப இந்தச் சிலையெல்லாம் இல்லய்யா. என்னைய எதுக்கு இத்தனை தடவ நிக்க வைக்கிற?" என்று சலித்துக்கொண்டார். செய்திருக்க வேண்டியது நேர்மாறானது. சிலை தூரத்தில் இருக்கட்டும். ஆளை நம்மோடு பின்னுக்கு அழைத்து வந்து, இரண்டு மீட்டர் தூரத்தில் நிறுத்தி, நாம் சற்றுக் குனிந்து எடுத்தால் இருவரும் சட்டத்துக்குள் அடங்குவார்கள்.

272 படிகளையும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார் பாட்டி. குகைக்குள் வெளிச்சம் குறைவு. கை ஆடினால் படமும் ஆடும். கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, மூச்சை அடக்கி எடுங்கள். குரங்குகள்மேல் ஒரு கண் இருக்கட்டும்.

இப்போது எங்கள் வீட்டில் மாட்டியிருக்கும் படம் நான் எடுத்ததன்று. கீழே இறங்கியபின் கடையோரக் கூரை நிழலில் பாட்டி இளநீர் குடித்தபோது தங்கை தன் கைத்தொலைபேசியில் ஒன்று எடுத்திருக்கிறாள். கூரையின் விளிம்பு, நேர்வெயில் இல்லை, எதிரே திறந்தவெளி வெளிச்சம். முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிகிறது. ஓரத்தில் என் முழங்கையும் விழுந்திருக்கிறது. நான் அப்போது திரும்பி நின்று சிலையை எடுத்துக்கொண்டிருந்தேன்.