பெற்றோருக்கு டிமென்ஷியாவா? ‘பவர் எழுதி வாங்கினா போதும்’னு நினைக்காதீங்க

பெற்றோரின் நோய்னு வந்தாலே நம்ம பேச்சு ஹெல்த் இன்ஷூரன்ஸ், ஆஸ்பத்திரி பில்னுதான் போகும். டிமென்ஷியா, அதாவது மறதி நோய், வேற மாதிரி. இதுல குடும்பத்தை முதலில் மடக்குறது பில் இல்லை, கையெழுத்து.

அப்பா பெயரில் எஃப்டி இருக்கு, வீடு இருக்கு, மியூச்சுவல் ஃபண்ட் இருக்கு. எதைத் தொடணும்னாலும் அவர் புரிந்துகொண்டு கையெழுத்துப் போடணும். நோய் உறுதியான அன்னிக்கே அந்தத் திறன் போயிடாது. ஆரம்ப நிலையில் பலர் தங்கள் பணத்தைப் பற்றித் தெளிவாவே முடிவெடுப்பாங்க. அந்தக் காலம் எவ்வளவு நீளும்ங்கறது ஆளுக்கு ஆள் மாறும். அதனாலதான் முதல் மாதமே உட்கார்ந்து பேசுங்கன்னு சொல்றேன்.

(ஒரு விஷயம்: பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு இதெல்லாம்கூட மறதியைத் தரும். நரம்பியல் மருத்துவர் இவற்றைப் பரிசோதிச்சுட்டாரான்னு கேட்டுக்கோங்க.)

பவர் ஏன் கைகொடுக்காது?

சொந்தக்காரங்க எல்லாரும் சொல்ற முதல் யோசனை, “உன் பேருக்கு ஒரு பவர் எழுதி வாங்கிடு”. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 201 என்ன சொல்லுதுன்னா, பவர் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த பவருக்கும் இதே கதிதான். இங்கிலாந்தில் அதற்குப் பிறகும் செல்லும்படி தனியா ஒரு பவர் இருக்கு. நம்ம நாட்டில் இல்லை. மழை வந்ததும் மடங்கிக்கற குடை மாதிரி!

அதுக்கப்புறம் கோர்ட்தான். தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-ன்படி மாவட்ட அளவிலான குழுவே பாதுகாவலரை நியமிக்கலாம். ஆனா அந்தச் சட்டத்தின் பட்டியலில் டிமென்ஷியா இல்லை. 2024-ல் கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்க, மனைவியே சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. தனி நீதிபதி மறுத்து, மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வில்தான் அனுமதி கிடைத்தது. மனைவிக்கே இந்த அலைச்சல்.

அப்போ என்னதான் பண்றது?

அப்பாவையும் கூட்டிக்கிட்டு பேங்குக்குப் போங்க. சேமிப்புக் கணக்கில் அம்மாவையோ உங்களையோ ‘ஐதர் ஆர் சர்வைவர்’ முறையில் சேர்க்கச் சொல்லுங்க. இருவரில் ஒருவர் கையெழுத்தே போதும். மத்திய அரசு பென்ஷன் கணக்குன்னா கணவன்/மனைவியை மட்டும்தான் சேர்க்க முடியும்.

எஃப்டியில் ஒரு பொறி இருக்கு. ‘ஐதர் ஆர் சர்வைவர்’னு இருந்தாலும், முதிர்வுக்கு முன்னாடி உடைக்கணும்னா ரெண்டு பேர் கையெழுத்தும் கேட்கலாம். அவசரத்துக்குத்தான் எஃப்டியை உடைப்போம், அப்போ அப்பாவால் கையெழுத்துப் போட முடியாது. முன்கூட்டியே எடுப்பதற்கும் ஒருவர் கையெழுத்து போதும்னு இப்பவே எழுத்துமூலமா அனுமதி கொடுத்து வையுங்க. நாமினி எல்லா இடத்திலும் இருக்கான்னும் பாருங்க. ஆனா நாமினி அப்பா காலத்துக்குப் பிறகுதான். அவர் உயிரோட இருக்கும்போது நாமினியால ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது.

உயில் எழுத அவர் விரும்பினால் தள்ளிப்போடாதீங்க. முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயம் இல்லை. இரண்டு சாட்சிகள் வேணும். சொத்து பெறப்போறவங்களைச் சாட்சியாப் போடாதீங்க. ‘இன்று தெளிவான மனநிலையில் இருக்கிறார்’னு அதே நாளில் மருத்துவரின் சான்று வாங்கி இணைச்சுடுங்க. பின்னாடி வழக்கு வந்தா அந்த ஒரு தாள்தான் பேசும்.

அவர் பணம், அவர் முடிவு

கார்டையும் போனையும் பிடுங்கி வைக்காதீங்க. காய்கறி, மருந்து, பேப்பர் பில்லுக்கு ஆகிற தொகையை மட்டும் ஒரு கணக்கில் விட்டு, அதோட ஏடிஎம் கார்டும் யூபிஐயும் அவர்கிட்டயே இருக்கட்டும். பெரிய தொகை யூபிஐ இல்லாத வேறு கணக்கில் இருக்கட்டும். ஓடிபி கேட்டும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’னு மிரட்டியும் வர்ற கால்களுக்கு இவங்க சுலபமா மாட்டுவாங்க. பணம் போயிட்டா உடனே 1930-க்கு அடிங்க.

பேச்சை எப்படி ஆரம்பிக்கறது? “உங்களுக்கு ஞாபகம் போயிடும்பா”னு ஆரம்பிச்சா கதவு மூடிக்கும். “எனக்கு எந்தக் கணக்கு எங்க இருக்குன்னே தெரியலப்பா, ஒரு நோட்டுல எழுதிக்கலாமா?”னு கேளுங்க. அண்ணன், தங்கச்சி இருந்தா அவங்களும் கூட இருக்கட்டும். நீங்க கூட்டுக் கணக்கில் சேர்ந்த பிறகு மாசாமாசம் ஸ்டேட்மெண்டைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுங்க. பாக சண்டை பாதி அங்கேயே அடங்கிடும்.

மீதியைச் சுருக்கமா சொல்லிடறேன். இருக்கிற ஹெல்த் பாலிசியின் ரினீவல் தேதி அவர் நினைவை நம்பி இருக்கக்கூடாது. உங்க காலண்டருக்கு மாத்துங்க. பழைய வரி முறையில் இருந்தால், 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்புன்னு நரம்பியல் நிபுணர் சான்று கொடுத்தால் மூத்த குடிமக்கள் சிகிச்சைச் செலவுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. நவம்பரில் பென்ஷன் வாழ்வுச் சான்றிதழை ஜீவன் பிரமாண் ஆப்பில் முகத்தைக் காட்டி வீட்டிலிருந்தே முடிச்சுடலாம்.

வேலையை விடும் முடிவை முதல் மாதத்தில் எடுக்காதீங்க. பராமரிப்புச் செலவு ஏறிக்கிட்டே போகும் நோய் இது. உங்க சம்பளம்தான் அதைத் தாங்கணும். வழி தெரியலைன்னா முதியோர் உதவி எண் 14567, சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பின் டெம்கேர்ஸ் இருக்கு. உயில் எழுதறதை மட்டும் அடுத்த வீடியோவில் விரிவா பார்க்கலாம்.