பெயரும் ஒரு சொத்துதான்!

(வணிகச் சின்னமும் டொமைன் பெயரும் – ஓர் எளிய பாடம்)

– இறுதியாண்டு மாணவர், இயந்திரவியல் துறை



டிப்ளமோ முடித்ததும் நம்மில் சிலர் வேலைக்குப் போவோம். சிலர் பி.இ. சேருவோம். இன்னும் சிலர் ரெண்டு மூணு பேராகச் சேர்ந்து சொந்தமாக ஒரு பட்டறையோ, சர்வீஸ் சென்டரோ வைப்போம். அப்போது லேத் மெஷின் என்ன விலை, ஷெட்டுக்கு என்ன அட்வான்ஸ், கரண்ட் கனெக்‌ஷனுக்கு எவ்வளவு டெபாசிட் என்று பைசா சுத்தமாகக் கணக்குப் போடுவோம். ஒரு கணக்கை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். வாசல் போர்டில் எழுதப்போகும் பெயர் யாருக்குச் சொந்தம்? அதற்கு என்ன விலை?

"பேருக்கெல்லாம் விலையாப்பா?" என்று கேட்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

கார் நின்றது, பெயர் விற்றது

அம்பாசிடர் காரைத் தெரியாதவர் நம் நாட்டில் கிடையாது. மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் அதன் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. ஆனால் 2017-ல் 'அம்பாசிடர்' என்ற பெயரை மட்டும் பிரான்ஸ் நாட்டு பெஜோ கம்பெனிக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றார்கள். ஒரு வண்டிகூட வெளியே வராத காலத்தில், வெறும் பெயருக்குக் கிடைத்த விலை அது!

இதைவிட வேடிக்கையானது ரோல்ஸ் ராய்ஸ் கதை. 1971-ல் அந்தக் கம்பெனி நொடித்துப்போனது. பிறகு விமான என்ஜின் பகுதி வேறு, கார் பகுதி வேறு என்று பிரிந்தது. பெயரின் உரிமை என்ஜின் கம்பெனியிடமே தங்கிவிட்டது. கார் கம்பெனி அந்தப் பெயரை அனுமதியின் பேரில்தான் பயன்படுத்தி வந்தது. 1998-ல் ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் கம்பெனி 43 கோடி பவுண்டு கொடுத்து கார் கம்பெனியை வாங்கியது. தொழிற்சாலை கிடைத்தது, ஆட்கள் கிடைத்தார்கள், பென்ட்லி பெயரும் கிடைத்தது. 'ரோல்ஸ் ராய்ஸ்' என்ற பெயர் மட்டும் கிடைக்கவில்லை! அதை என்ஜின் கம்பெனியிடமிருந்து பி.எம்.டபிள்யூ. 4 கோடி பவுண்டுக்குப் பெற்றுக்கொண்டது. 2003 முதல் ரோல்ஸ் ராய்ஸ் கார் செய்வது பி.எம்.டபிள்யூ.தான். மெஷினையும் கட்டடத்தையும் எண்ணிப் பார்த்தவர்கள் பெயர் யாரிடம் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பதே இதில் நமக்குப் பாடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒருவர் சரக்கையோ சேவையையோ மற்றவர்களுடையதிலிருந்து பிரித்துக் காட்டும் பெயர், படம், எழுத்து முதலியவை வணிகச் சின்னம், அதாவது டிரேட் மார்க். நம் நாட்டில் இதற்கான சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

நிலத்துக்குப் பட்டா எப்படியோ, பெயருக்கு டிரேட் மார்க் பதிவு அப்படி. சரக்குகளும் சேவைகளும் மொத்தம் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மெஷின்கள் 7-ம் வகுப்பு, வாகனங்கள் 12-ம் வகுப்பு, ரிப்பேர் வேலை 37-ம் வகுப்பு. எந்த வகுப்பில் பதிகிறோமோ அதற்குத்தான் பாதுகாப்பு. தனிநபரும் சிறு தொழில் செய்வோரும் இணையம் வழியாக விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். விண்ணப்பத் தேதியிலிருந்து 10 ஆண்டு செல்லும். அதாவது வருடத்துக்கு 450 ரூபாய்! வக்கீல் வைத்தால் அந்தச் செலவு தனி. 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போனால் இதற்கு முடிவே இல்லை. பேடண்ட் 20 ஆண்டில் முடிந்துவிடும் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் அரசின் டிரேட் மார்க் இதழில் வெளியாகும். ஆட்சேபணை உள்ளவர்கள் 4 மாதத்துக்குள் சொல்லலாம். நமக்கு முன்பிருந்தே அதே பெயரில் தொழில் செய்து வருபவர் இருந்தால், பதிவு பண்ணிவிட்டோம் என்பதற்காக அவரை நிறுத்த முடியாது. நிலத்தில் அனுபவ பாத்தியதை என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. பதிந்த பெயரை 5 ஆண்டுக்கு மேல் பயன்படுத்தாமல் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாலும் அதை நீக்கக் கோரி மனுப் போடலாம்.

பலர் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயம்: ஜி.எஸ்.டி. எண் வாங்குவதோ, கூட்டு நிறுவனமாகப் பதிவு செய்வதோ டிரேட் மார்க் ஆகாது. அது வேறு, இது வேறு.

எந்தப் பெயர் நிற்கும்?

'ஸ்ட்ராங் கிரைண்டர்' என்று வைத்தால் பதிவு கிடைப்பது கஷ்டம். சரக்கின் குணத்தைச் சொல்லும் சொல் எல்லோருக்கும் பொது. ஊர் பெயரும் அப்படித்தான். 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்பது புவிசார் குறியீடு பெற்றது. அது அந்த வட்டாரத்துத் தயாரிப்பாளர்களுக்குப் பொதுவானது, தனி ஒருவர் சொத்தல்ல. எந்த அர்த்தமும் இல்லாமல் புதிதாக உண்டாக்கிய சொல்லுக்குத்தான் பலம் அதிகம். 1888-ல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் உண்டாக்கிய 'கோடாக்' அப்படிப்பட்டது.

நல்ல பெயரையும் கவனிக்காமல் விட்டால் கை நழுவிப் போகும். 'எஸ்கலேட்டர்' என்பது ஒரு காலத்தில் ஓடிஸ் கம்பெனியின் டிரேட் மார்க். நகரும் படிக்கட்டு எல்லாவற்றுக்குமே ஜனங்கள் அந்தப் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். கம்பெனியும் அதைப் பொதுச் சொல் போலவே எழுதியது. 1950-ல் அமெரிக்காவில் அந்த உரிமை பறிபோயிற்று.

இணையத்தில் ஒரு முகவரி

அடுத்தது டொமைன் பெயர். கம்ப்யூட்டர்களுக்குள் முகவரி என்பது வெறும் எண்கள்தான். மனிதன் ஞாபகம் வைத்துக்கொள்ள வசதியாக 1983-ல் பெயர் முறையை வகுத்தார்கள். முதல் டாட் காம் பெயர் 1985 மார்ச் 15 அன்று பதிவானது: சிம்பாலிக்ஸ் டாட் காம்.

டிரேட் மார்க் பட்டா என்றால், டொமைன் குத்தகை. வருடக் கட்டணம் கட்டும்வரைதான் நம்முடையது. ஒரு தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுக்குக் கட்டலாம். 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட் டாட் காம் பெயருக்குப் பணம் கட்ட மறந்தது. ஹாட்மெயில் வாடிக்கையாளர்கள் பலர் உள்ளே நுழைய முடியாமல் தவித்தார்கள். கடைசியில் வெளியாள் ஒருவர், ஒரு லினக்ஸ் நிரலாளர், 35 டாலரைத் தன் கையிலிருந்து கட்டினார். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்த நிலை என்றால் நாம எம்மாத்திரம்?

இதில் முதலீடு செய்து சம்பாதித்தவர்களும் உண்டு. பிசினஸ் டாட் காம் 1997-ல் 1.5 லட்சம் டாலருக்குக் கைமாறி, 1999-ல் 75 லட்சம் டாலருக்கு விற்றது. 50 மடங்கு! ஆனால் 'பிசினஸ்' என்பது பொதுச் சொல். அடுத்தவன் பெயரை முந்திக்கொண்டு பிடித்து வைத்துப் பேரம் பேசுவது வேறு கதை. அமெரிக்காவில் டெனிஸ் டோப்பன் என்பவர், சினிமா கேமரா செய்யும் பானாவிஷன் கம்பெனியின் பெயரை டாட் காமில் பதிந்துகொண்டு 13,000 டாலர் கேட்டார். 1998-ல் கோர்ட்டில் தோற்றார்.

நம் நாட்டுக்கு முக்கியமான தீர்ப்பு 2004-ல் வந்தது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே 'சிஃபி' என்ற பெயரில் இணையச் சேவை நடத்தி வந்தது. இன்னொரு கம்பெனி அதே ஓசையில், ஓர் எழுத்தை மட்டும் கூட்டி, 'சிஃபிநெட்' என்று பதிந்தது. டொமைன் பெயருக்கும் டிரேட் மார்க் போன்ற பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, சத்யம் பக்கம் தீர்ப்பளித்தது.

பெயர் மட்டும் போதுமா?

மறுபக்கத்தையும் பார்த்துவிடுவோம். கிங்ஃபிஷர் விமானக் கம்பெனியின் பெயரை அடமானமாக ஏற்று வங்கிகள் கடன் கொடுத்தன. 2012-ல் விமானங்கள் நின்றன. 2016 ஏப்ரலில் அந்தப் பெயரையும் சின்னங்களையும் ஏலம் விட்டார்கள். ஆரம்ப விலை 366.70 கோடி ரூபாய். ஒருத்தர்கூடக் கேட்கவில்லை!

அம்பாசிடரும் நின்றுபோனதுதான், கிங்ஃபிஷரும் நின்றுபோனதுதான். ஒன்றை நினைத்தால் ஜனங்களுக்குப் பழைய பிரியம் வருகிறது. இன்னொன்றை நினைத்தால் சம்பளப் பாக்கியும் கடனும் ஞாபகம் வருகிறது. பெயரின் விலை என்பது நாம் செய்த வேலையின் விலைதான். டாலரன்ஸ் தவறாமல் கடைந்து கொடுத்த ஒவ்வொரு ஷாஃப்ட்டும், சொன்ன தேதியில் கொடுத்த ஒவ்வொரு டெலிவரியும் அந்தக் கணக்கில் போட்ட பணம்.

தொழில் தொடங்குமுன் நாம் செய்ய வேண்டியவை:

1. பெயரை முடிவு செய்யுமுன் டிரேட் மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். தேடுவதற்குக் காசு கிடையாது.

2. பதிவு யார் பெயரில்? கூட்டாளிகள் பிரிந்தால் பெயர் யாருக்கு? இதை நட்பு நன்றாக இருக்கும்போதே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். "நமக்குள்ள என்ன மச்சான்" என்பது பத்திரமாகாது.

3. டொமைனை வெப்சைட் செய்து தருபவர் பெயரில் பதிய விடாதீர்கள். உங்கள் பெயர், உங்கள் மெயில், உங்கள் போன் நம்பர் இருக்கட்டும்.

4. பதிவு கிடைக்குமுன் வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்துப் போடாதீர்கள். அதற்குத் தண்டம் உண்டு. 'டி.எம்.' என்று போட்டுக்கொள்ளலாம்.

5. புதுப்பிக்க வேண்டிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

நண்பர்களே, லேத் மெஷின் வாங்கிய நாளிலிருந்து தேயும். பெயரோ ஒழுங்காக நடந்துகொண்டால் வருடா வருடம் வளரும். நாளைக்கு உங்கள் பட்டறை வாசலில் போர்டு மாட்டும்போது அந்தப் பெயர் உங்களுடையதாகவே இருக்கட்டும்!