ஒலியசையும் யாப்பசையும்

ஒரு சொல்லைக் கூறுங்கால் எத்தனை உயிரொலி எழுகின்றதோ, அச்சொல் அத்தனை ஒலியசை உடையது என்பர் மொழிநூலார். ஆங்கிலர் சிலபிள் என வழங்குவது இதனையே. நம் யாப்பு நூலார் கூறும் அசையும் இவ்வொலியசையும் ஒன்றுதானோ? 1997ஆம் ஆண்டில் அமைந்த திருவள்ளூர் மாவட்டத்து ஊர்ப்பெயர் இரண்டினைக் கொண்டே இதனை ஆராய்வாம்.

திருவள்ளூர் என்பது தி, ரு, வள், ளூர் என ஒலியசை நான்குடையது. யாப்பு நெறியில் அலகிடின் திரு, வள், ளூர் என மூன்றசையே பெறுவோம். கும்மிடிப்பூண்டி என்பதோ கும், மி, டிப், பூண், டி என ஒலியசை ஐந்துடையது. அலகிடின் கும், மிடிப், பூண், டி என நான்கேயாம். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் நிரையசையாகும். குறிலோ நெடிலோ தனித்தும் ஒற்றடுத்தும் வருவது நேரசை. இரு குறிலோ, குறிலும் நெடிலுமோ இணைந்து, தனித்தும் ஒற்றடுத்தும் வருவது நிரையசை. எனவே நேரசை ஓர் ஒலியசைக்கு ஒக்கும். நிரையசை இரண்டனுக்கு ஒக்கும். சிலபிள் என்பதனை வாளா அசையென்று பெயர்த்தல் மாணவரை மயங்கச் செய்யும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, ஒலியசை எவ்வாறு தொடங்கலாம் என்பதில் ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு நெறியுண்டு. தமிழில் தனிமெய் சொல்லுக்கு முதலாகாது என்பது தொல்காப்பியர் துணிபு. ஆங்கிலமோ மெய்ம்மூன்றும் அடுக்கிவரத் தொடங்கும். ஸ்ட்ரீட் என்பது காண்க. இதன் பயனாக, முன்னாளில் ஆங்கிலர் திருவள்ளூரை ட்ரிவெல்லூர் என எழுதினர். முதலுயிர் மறைய, நான்கு ஒலியசை மூன்றாய்க் குறுகிற்று.

இதற்கு மறுதலையாய் நிகழ்வதனைக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிற் கேட்கலாம். இரும்பாலை மிக்க அவ்விடத்து, ஸ்டீல் என்னும் ஓரசைச் சொல் தொழிலாளர் சிலர் நாவில் இஸ்டீல் என ஈரசையாகின்றது. ஸ்டேஷன் என்பது இஸ்டேசன் என்றோ டேசன் என்றோ ஆகின்றது. முன்னே உயிரைச் சேர்ப்பினும், முதல்மெய்யை நீக்கினும், தனிமெய் முதலாகாமை காக்கப்படுகின்றது.

ட்ரிவெல்லூர் என்றெழுதிய ஆங்கிலரை நாம் நகைத்திலேம். இஸ்டீல் என்னும் தொழிலாளியையோ கல்லாதவன் என்று நகைக்கின்றோம். இருவரும் செய்தது ஒன்றே: பிறமொழிச் சொல்லைத் தத்தம் மொழியின் அசைநெறிக்கு இசைத்துக் கொண்டனர். நாம் பள்ளியில் ஏட்டிற் கற்கும் விதியை அத்தொழிலாளி நாவிற் காக்கின்றான். அவன் கூற்றைப் பிழையென எள்ளாது, இலக்கணச் சான்றென்று கொள்ளுதலே கற்றார்க்குக் கடனாம்.