இ-சேவை மையம் சான்றிதழ் தருவதில்லை

மே, ஜூன் வந்துவிட்டால் இ-சேவை மையங்களில் நிற்க இடமிருக்காது. கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ், உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ், கட்டணச் சலுகைக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஆளுக்கொரு தேவை. அந்தக் கூட்டத்தில் தவறாமல் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "கூட ஒரு இருநூறு குடுத்தா நாளைக்கே கையில வந்துடும்."

வராது. அங்கே கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்குச் சான்றிதழ் வழங்கும் அதிகாரமே கிடையாது. ஆவணங்களை ஸ்கேன் செய்து அனுப்புவதோடு அவர் வேலை முடிந்தது. பிறகு விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடம் (விஏஓ) போகும், அங்கிருந்து வருவாய் ஆய்வாளரிடம் போகும். கடைசிக் கையொப்பம் யாருடையது என்பதும் சான்றிதழைப் பொறுத்தது. பிற்படுத்தப்பட்டோர் சாதிச் சான்றிதழ் என்றால் துணை வட்டாட்சியர். பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். வருவாய்த் துறைச் சான்றிதழுக்குச் சேவைக் கட்டணம் 60 ரூபாய். அதற்குமேல் கொடுத்ததற்கு ரசீது கேட்டுப் பாருங்கள், கிடைக்காது.

"ஏதாவது ஒரு போன் நம்பர் போடுங்க, என்ன இப்ப?" பணத்தைவிட இந்த அலட்சியம்தான் அதிகம் கெடுக்கிறது. முதல்முறை விண்ணப்பிப்பவர் 'கேன்' எனப்படும் குடிமக்கள் கணக்கு எண் பெற வேண்டும். அதில் பதிவாகும் கைபேசிக்குத்தான் ஓடிபி வரும், விண்ணப்பம் பற்றிய குறுஞ்செய்தியும் வரும். அவசரத்தில் பக்கத்து வீட்டுத் தம்பியின் எண்ணையோ மையத்துக்காரர் எண்ணையோ கொடுத்துவிடுகிறார்கள். ரேஷன் கார்டு படம் மங்கலாக இருக்கிறது, சுய உறுதிமொழியில் கையெழுத்து இல்லை என்று அலுவலகம் விண்ணப்பத்தைத் திருப்பினால், செய்தி அந்தத் தம்பிக்குப் போகும். அவர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். நாமோ தாலுகா ஆபீஸைத் திட்டிக்கொண்டிருப்போம்.

திருப்பி அனுப்புவது வேறு, நிராகரிப்பது வேறு. திரும்பி வந்ததில் கேட்ட ஆவணத்தைச் சேர்த்து அனுப்பினால் போதும். நிராகரித்திருந்தால் காரணத்தைப் படித்து, அதைச் சரிசெய்தபின் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். காரணத்தைப் படிக்காமல் அதே காகிதங்களை மறுபடி போட்டால் இன்னொரு 60 ரூபாய் போகும், அவ்வளவுதான்.

"சீல் இல்லாத பிரிண்ட் அவுட் செல்லாது" என்று இன்னும் சில அலுவலகங்களிலேயே சொல்கிறார்கள். இது வீண் அலைச்சல். சான்றிதழில் உள்ள மின்கையொப்பத்துக்கு 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமே ஏற்பு தருகிறது. சான்றிதழ் உண்மைதானா என்று இணையத்தில் சரிபார்க்கவும் முடியும். பச்சை மை, ரப்பர் முத்திரை எதுவும் தேவையில்லை.

மையத்துக்குப் போயே தீர வேண்டும் என்பதும் இல்லை. வீட்டில் இணைய வசதி இருந்தால் பொதுமக்களுக்கான இ-சேவை இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். பட்டா, சிட்டா நகலை அரசு நிலப் பதிவு இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் படிக்கத் தெரியாதவருக்கும் வயதானவருக்கும் மையம்தான் வசதி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எங்கே விண்ணப்பித்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எழுந்து வராதீர்கள். அதிலுள்ள எண்ணை வைத்து விண்ணப்பம் இப்போது யாரிடம் நிற்கிறது என்று பார்க்கலாம். நாள் கடந்தும் நகரவில்லையா, அதே எண்ணைச் சொல்லி முதல்வர் உதவி மையத்துக்கு 1100இல் பேசிப் புகார் பதியுங்கள்.