கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம்: கணக்கும் உரிக்கும் முறையும்

நெல்லித்தோப்பு சிக்னலில் சைக்கிளோடு ரோட்டைக் கடக்கும்போது விளக்கை மட்டுமா பார்க்கிறோம்? திரும்பி வரும் காரின் டிரைவர் முகத்தையும் பார்ப்போம். அவர் நம்மைப் பார்த்துட்டார்னு தெரிஞ்சாதான் நகர்வோம். கண்ணாடி முழுக்கக் கறுப்பா இருந்தா அந்த முகமே தெரியாது. பொழுது சாய்ந்தால் அவருக்கும் நாம சரியாத் தெரிய மாட்டோம்.

கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கார்களில் குற்றங்கள் நடக்கின்றன என்று அவிஷேக் கோயங்கா என்பவர் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். கண்ணாடியில் ஃபிலிமே ஒட்டக் கூடாது என்று 2012 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பு வந்தது. பிறகு 2021 ஏப்ரல் 1 முதல் மோட்டார் வாகன விதி மாறியது. அதன்படி, ஒளி அளவு சரியாக இருந்தால் ஃபிலிம் ஒட்டலாம் என்று 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது.

அந்த அளவு என்ன? முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத ஒளியை விட வேண்டும். பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "50 சதவீத ஃபிலிம்தானே சார், ஒட்டலாம்" என்பார்கள். வெறும் கண்ணாடியே வரும் ஒளியில் 80 சதவீதத்தைத்தான் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 50 சதவீத ஃபிலிம் ஒட்டினால் 0.80 × 0.50 = 0.40. அதாவது 40 சதவீதம்தான், ஃபெயில்! 50 வேண்டுமென்றால் ஃபிலிம் மட்டும் 62.5 சதவீதம் விட வேண்டும். முன் கண்ணாடிக்கு 87.5. அது கிட்டத்தட்ட நிறமே இல்லாத ஃபிலிம். (கணக்கு டீச்சர் சரிபார்க்கலாம்!)

சரி, ஒட்டியதை எப்படி எடுப்பது? ஃபிலிம் என்பது மெல்லிய பாலியெஸ்டர் தாள், பின்னால் பசை. குளிர்ந்திருக்கும்போது வெடுக்கென்று இழுத்தால் தாள் கிழியும், பசை கண்ணாடியிலேயே நின்றுவிடும். சூட்டில் பசை இளகும். அதனால் முடி உலர்த்தும் டிரையரை ஓரத்தில் காட்டி, நுனியைக் கிளப்பி, மெதுவாக உரிக்க வேண்டும். டிரையரை ஒரே இடத்தில் வைத்திருக்கக் கூடாது. அந்த இடம் மட்டும் விரிந்து கண்ணாடி விரிசல் விடலாம். நம்ம ஊர் மே மாத வெயிலில் காரை ஒரு மணி நேரம் நிறுத்தினாலே பாதி வேலை முடிஞ்சிடும்!

மிச்சப் பசையை சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்க்கலாம். பக்கக் கண்ணாடி என்றால் பிளேடால் பதமாகச் சுரண்டலாம். பின் கண்ணாடியில் மட்டும் பிளேடு வேண்டாம். சில கார்களில் அங்கே உள்பக்கம் மெல்லிய கோடுகள் ஓடும். அவை மின்சாரத்தில் சூடாகி, மழை நாளில் படியும் ஆவியைப் போக்குபவை. ஒரு கோடு அறுந்தால் அந்தக் கோடு சூடேறாது, அந்த இடம் மங்கலாகவே இருக்கும்.