நிதானமும் பயிற்சியால் வருவதே: இளம் போதகர் ஒருவருக்குக் கடிதம்

அன்புமிக்க அம்மணிக்கு,

கோயம்புத்தூர்க் காவலர் பயிற்சிப் பள்ளியில் போதகராகப் பொறுப்பேற்றிருப்பதையும், புதிய அணி வந்து சேருமுன் எதை முதலாகக் கொண்டு கற்பிக்கத் தொடங்குவது என்பதில் என் அபிப்பிராயத்தை அறிய விரும்புவதையும் தெரிவித்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. அவினாசி சாலையில், ஊரார் பி.ஆர்.எஸ். மைதானம் என்று அழைக்கும் அந்த இடத்தை விடியற்காலையில் கடந்து போகிறவர்கள், கவாத்தின் கட்டளைக் குரலைக் கேட்டு, காவலர் பயிற்சி என்றால் பிசகாத நடையும் நிமிர்ந்த மார்புமே என்று எண்ணிவிடுவது இயல்பு. ஏழு மாத அடிப்படைப் பயிற்சியும் ஒரு மாத நடைமுறைப் பயிற்சியும் முடித்து வெளியேறும் இரண்டாம் நிலைக் காவலர், அந்த நடையை விழாக்களில்தான் காட்டப்போகிறார். தினந்தோறும் அவரிடம் ஜனங்கள் காணப்போவது அவர் பேசும் பேச்சையும், அவர் கை செய்வதையும், அந்தக் கை எங்கே நின்றுகொள்கிறது என்பதையும்தான்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிதானம் என்பது சிலருக்குச் சுபாவத்தில் வாய்த்து மற்றவர்க்கு வாய்க்காமற்போகும் குணம் என்று நம் துறையிலே பலர் நம்புகிறார்கள். நான் அப்படி நம்பவில்லை. அது பயிற்சியால் வருவது. பயிற்சி தவறினால் நல்ல சுபாவம் உடையவனையும் விட்டு ஒரு கணத்தில் நீங்கிவிடுவது. பேச்சுக்கு ஒரு வகுப்பு, தற்காப்புக்கு ஒரு வகுப்பு, சட்டத்துக்கு ஒரு வகுப்பு என்று பிரித்து, ஒன்றைச் சட்ட போதகரிடமும் ஒன்றைக் கவாத்துப் போதகரிடமும் விட்டு நாம் கற்பிக்கிற மூன்று வித்தைகளும், நள்ளிரவில் ஏதோ ஒரு தெருமுனையில், ஒரே ஆளிடத்தில், ஒரே நிமிஷத்தில் ஒருங்கே தேவைப்படுகின்றன. பள்ளியில் ஒருபோதும் சந்தித்துக்கொள்ளாத அவை தெருவில் மட்டும் எவ்விதம் கைகோத்துக்கொள்ளும்?

புதிய அணியின் முதல் வகுப்பில் நம் துறை பிறந்த கதையைச் சொல். வரி வசூலுக்கு வந்த சிப்பந்திகள் கிட்டி என்ற மரக்கருவியில் விரல்களை வைத்து நெரித்ததையும், அண்ணாந்தாள் என்று பெயரிட்டுக் குடியானவனைக் குனியவைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தியதையும் விசாரித்து, சென்னை மாகாணச் சித்திரவதைக் கமிஷன் 1855ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தது. வரி தண்டும் கையும் காவல் காக்கும் கையும் ஒன்றாக இருந்த அந்த முறையைக் கலைத்து, காவலைத் தனித் துறையாக்கிய 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம், பெரும்பாலும் அந்த அறிக்கை எழுப்பிய கேள்விகளுக்கு விடையாக வந்தது. குடிகளை வதைப்பது நின்றுபோக வேண்டும் என்ற நோக்கம் நம் ஸ்தாபனத்தின் பிறப்பிலேயே இருக்கிறது என்பதை அறிந்த இளைஞன், அந்த அறிக்கைக்கு 165 ஆண்டுகளுக்குப் பிறகு, 2020 ஜூன் மாதத்தில், சாத்தான்குளத்தில் காவலில் எடுக்கப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து உயிரிழந்தபோது நாடு ஏன் அவ்வளவு கொதித்தது என்பதை விளங்கிக்கொள்வான். தான் அணியும் காக்கி எந்தக் கடனோடு தனக்கு வருகிறது என்பதையும் உணர்வான்.

பேச்சைப் பற்றிச் சொல்கிறேன். அதைப் பிரசங்கத்தால் கற்பிக்க முடியாது. வகுப்பில் ஒரு மேஜையையும் இரண்டு நாற்காலிகளையும் போட்டு, பயிற்சிக் காவலர் ஒருவரை அன்னூர்ப் பக்கத்து விவசாயியாக வரச் சொல். தோட்டத்து ஆழ்குழாய்க் கிணற்றின் மோட்டார் வயரை இரவில் எவனோ அறுத்துக்கொண்டு போய்விட்டான் என்பது அவருடைய முறையீடாக இருக்கட்டும். "ஏனுங்க சார், இது மூணாந்தரமுங்க, ஒருத்தரும் எழுதிக்கவே மாட்டேங்கறாங்க" என்று அவர் குரலை உயர்த்தட்டும். எதிரே அமர்ந்தவர் என்ன செய்கிறார் என்று பார். பெரும்பாலும் அவரும் குரலை உயர்த்துவார். அல்லது தலை நிமிராமல் எழுதத் தொடங்குவார். நிறுத்தி, மறுபடியும் செய்யச் சொல். "உக்காருங்கய்யா, தண்ணி குடிங்க, முதல்ல நடந்ததுல இருந்து சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்" என்ற வாக்கியம் அவர் வாயில் தானாக வரும் வரையில் செய்யச் சொல். கேட்டுக்கொண்டதைத் தன் சொற்களில் திரும்பச் சொல்லி, "சரிதானுங்களா?" என்று உறுதி செய்து, மனு ஏற்பு ரசீதைக் கையில் கொடுத்து அனுப்புவது வரை அது ஒரே பாடம். மரியாதை கூட்டிப் பேசுவதே இயல்பான கொங்கு நாட்டில் பிறந்த பிள்ளை, சீருடை அணிந்தவுடன் வீட்டுப் பேச்சை மறந்து ஒருமையில் பேசத் தொடங்குவானாகில், அந்தப் பழக்கம் அவன் ஊரிலிருந்து வந்ததன்று, நம்மிடமிருந்தே வந்தது.

இன்றைய கோவையிலும் திருப்பூரிலும் தமிழ் மட்டும் போதாது என்பதை நீ அறிவாய். பனியன் கம்பெனிகளிலும் பவுண்டரிகளிலும் ஸ்பின்னிங் மில்களிலும் வேலை செய்வோரில் ஒடிசா, பீகார், வங்காளம், அசாம் ஆகிய மாநிலத்தவர் எத்தனையோ பேர். 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்ற பொய்ச் செய்தி காணொளிகளாகப் பரவி, மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் புறப்பட்ட நாட்களில், அந்தப் பீதியைத் தணிக்க உதவியது லத்தியா? தொழிற்கூடங்களுக்கு நேரில் போய் அவர்களுக்குப் புரிந்த பாஷையில் விளக்கிய பேச்சும், அவர்களுக்கென்று அறிவித்த தொலைபேசி எண்ணும் அல்லவா? ஆகவே உன் பயிற்சிக் காவலர்கள் ஒவ்வொருவரும் ஹிந்தியில் ஒரு பத்து வாக்கியமாவது சொல்லத் தெரிந்து வெளியேறும்படி செய்: "பயப்பட வேண்டாம்", "உங்கள் பெயர் என்ன", "எங்கே வலிக்கிறது", "உங்கள் முதலாளி யார்" என்பன போன்ற எளிய வாக்கியங்கள். அவற்றைச் சொல்லத் தெரியாதவன் கையால் சைகை காட்டுவான். சைகை புரியாவிட்டால் தள்ளுவான்.

இனிக் கையின் வித்தைக்கு வருகிறேன். தற்காப்புப் பயிற்சி மனிதனை முரடனாக்கும் என்று நினைத்து அதைக் குறைக்கச் சொல்வோர் உண்டு. அவர்கள் நல்லெண்ணத்தை மதித்தும் அவர்கள் கருத்தை நான் ஏற்கவில்லை. காங்கேயம் காளையின் மூக்கணாங்கயிற்றை எந்த இடத்தில், எவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பது என்று அறிந்தவன் சாட்டையைத் தொடுவதே இல்லை. அறியாதவன் பயந்து, பயத்தினாலேயே அடிக்கிறான். மனிதரை மாட்டோடு ஒப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை, பிடிக்கிறவனுடைய அச்சத்தைச் சுட்டவே சொன்னேன். மதுக்கடை வாசலில் தன்னைவிடப் பலசாலியான ஒருவனுடைய மணிக்கட்டைப் பிடித்து, திருப்பி, காயம் இல்லாமல் விலங்கிடத் தெரியாத காவலனுக்கு, கையில் இருக்கும் லத்தியை ஓங்குவதைத் தவிர வேறு மார்க்கம் தெரியாது. அவனுக்குக் கொடுமை குணமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, திறமையின்மையே போதும்.

ஆகையால் மெதுவாகவும் மீண்டும் மீண்டும் கற்றுக்கொடு. எதிராளிக்கு நேர்முகமாக நெஞ்சைக் காட்டி நிற்காமல் சற்றே பக்கவாட்டில் நிற்பது. ஒன்றரைக் கை தூரம் விட்டு நிற்பது. உள்ளங்கைகளை விரித்து மார்பளவில் வைத்துக்கொண்டு பேசுவது, ஏனெனில் அது பார்ப்பவனுக்குச் சமாதானமாகத் தோன்றும், அடி வந்தால் தடுக்கவும் ஆயத்தமாக இருக்கும். அவனுடைய கண்ணோடு கைகளையும் கவனிப்பது. ஒருவனைத் தரையில் குப்புறக் கிடத்தி விலங்கிட நேர்ந்தால், கழுத்தில் முழங்காலை ஒருபோதும் ஊன்றலாகாது; முதுகில் ஊன்றிய பாரத்தையும் விலங்கு பூட்டிய அந்தக் கணமே எடுத்துவிட வேண்டும். உடனே அவனைப் பக்கவாட்டில் திருப்பி, பிறகு உட்காரவைக்க வேண்டும். மார்பு விரிய இடமில்லாதபோது மூச்சு உள்ளே போவதில்லை. மூச்சுக்குத் தவித்து உடல் திமிறுவதை எதிர்ப்பு என்று எண்ணி இன்னும் அழுத்துகிறவன், தான் செய்வது இன்னதென்று அறியாமலே உயிரைப் போக்கிவிடுகிறான். 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஒன்பது நிமிஷத்துக்கு மேல் ஒரு காவலரின் முழங்கால் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்பவரின் கழுத்தில் இருந்ததை உலகம் கண்டது. அவர் மூச்சு முட்டுகிறது என்று சொன்னதையும் உலகம் கேட்டது. "மூச்சு முட்டுது" என்ற சொல் எந்தப் பாஷையில் காதில் விழுந்தாலும் கை விலகிக்கொள்ள வேண்டும் என்பதை உன் மாணவர்களின் கைகளுக்கே நீ கற்பித்துவிட வேண்டும். மூளை யோசித்து முடிப்பதற்குள் காலம் கடந்துவிடும்.

லத்தியைப் பற்றியும் அவ்வாறே. தலை, கழுத்து, முதுகெலும்பு, அடிவயிறு ஆகியவை தொடக்கூடாத இடங்கள் என்று கரும்பலகையில் எழுதினால் மறந்துபோவார்கள். மணல் மூட்டையில் அந்த இடங்களைச் சிவப்பால் குறித்து, மூச்சிரைக்க ஓடிவந்தபின் தொடைச் சதையை மட்டும் குறிபார்க்கும்படி செய். களைப்பிலும் படபடப்பிலும் செய்து பழகியதே களத்தில் நிற்கும். சட்டத்தையும் அங்கேயே, அந்த மைதானத்திலேயே சொல்லிக்கொடு. கைது செய்யும்போது எதிர்ப்பைக் கடக்கத் தேவையான பலத்தை அனுமதிக்கும், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவும், தப்பிச்செல்வதைத் தடுக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்படுத்தலாகாது என்னும் அதன் 46ஆம் பிரிவும், ஒரே செயலின் இரண்டு எல்லைகள். வாக்குமூலத்துக்காக ஒருவரைக் காயப்படுத்தினால் ஏழாண்டு வரை சிறைத்தண்டனை உண்டென்று தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆம் பிரிவு சொல்வதையும், அப்படிப் பெற்ற வாக்குமூலம் நீதிமன்றத்தில் ஒரு காசும் பெறாது என்பதையும் சேர்த்துச் சொல். டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் விதித்த கட்டளைகளை, கைதுக் குறிப்பு எழுதுவது முதல் உறவினருக்குத் தகவல் சொல்வது வரை, ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் நடித்துக் காட்டட்டும்.

கூட்டத்தின் முன் நிற்பது வேறு விதமான சோதனை; அதற்கு நம் மண்ணிலேயே கசப்பான பாடங்கள் உண்டு. மின்கட்டண உயர்வை எதிர்த்து விவசாயிகள் போராடிய 1970இல், ஜூன் 19 அன்று திருப்பூருக்கு அருகே பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் மாண்டார்கள். அங்கே எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்துக்கு ஆண்டுதோறும் விவசாயிகள் வந்து கூடுவதை நீயே பார்த்திருப்பாய். 1997 நவம்பர் 29 அன்று போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் கோவை உக்கடத்தில் கொலையுண்டபோது சக காவலர்களின் துக்கம் கோபமாகி வீதிக்கு வந்தது. அடுத்து நிகழ்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் உயிரிழந்தார்கள். இரண்டரை மாதங்களில், 1998 பிப்ரவரி 14 அன்று, தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் மடிந்தார்கள். அந்தக் குண்டுகளுக்கு எந்த நியாயமும் கிடையாது. கடமையில் இருப்பவனைக் கொன்ற கத்திக்கும் கிடையாது. ஆயினும் தோழனை இழந்த காவலனுக்கு அழ உரிமை உண்டு, அந்தத் துக்கத்தோடு ஆயுதம் ஏந்தித் தெருவில் நிற்க உரிமை இல்லை என்பதைப் பயிற்சிப் பள்ளியில் சொல்லாவிட்டால் வேறெங்கே சொல்லப்போகிறோம்? துக்கத்தில் இருக்கிறவனைப் பந்தோபஸ்துப் பணியிலிருந்து விலக்கி ஓய்வு கொடுப்பது மேலதிகாரியின் கடமை என்பதையும், "என்னால் இன்று நிதானமாக இருக்க முடியாது ஐயா" என்று சொல்வது கோழைத்தனம் ஆகாது என்பதையும், இப்போதே அவர்கள் மனத்தில் பதியவை.

இவ்வளவையும் கற்பித்த பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அது உன் கையில் மட்டுமே இருப்பது. மைதானத்தில் தாயையும் தகப்பனையும் இழுத்து வசவு கேட்டு வளர்ந்த பயிற்சிக் காவலன், அந்த வசவை எட்டு மாதம் சுமந்துபோய், ஸ்டேஷன் வாசலில் தனக்குக் கீழானவன் என்று தான் எண்ணும் முதல் மனிதனிடம் இறக்கி வைக்கிறான். சமூகவியல் அறிஞர் எம்.எஸ். கோரே தலைமையில் அமைந்த காவல் பயிற்சிக் குழு 1973இல் அளித்த அறிக்கை, காவலரின் மனப்பான்மையைச் செம்மைப்படுத்துவதைப் பயிற்சியின் பொறுப்பாக்கிற்று. மனப்பான்மை பாடப்புத்தகத்தால் அமைவதில்லை, போதகரின் நடத்தையைப் பார்த்தே அமைகிறது. கண்டிப்பாக இரு, தண்டனை ஓட்டமும் கொடு. ஆனால் பெயர் சொல்லி அழைத்து, செய்த பிழையை விளக்கி, அதன்பின் ஓடச் சொல். அவமானம் இல்லாத தண்டனை என்று ஒன்று உண்டு என்பதை அவர்கள் உன்னிடம் கண்டால்தான் ஊரார்க்கும் அதைக் காட்டுவார்கள்.

இந்த வாரமே உன் முதல்வரை அணுகி, வாரத்தில் ஒரு பிற்பகலையாவது சட்ட போதகரும் கவாத்துப் போதகரும் சேர்ந்தே நடத்தும் பாடமாக மாற்ற அனுமதி கேள். ஒரு சம்பவத்தை நடித்து, பேசி, தேவையானால் கைவைத்து, நிறுத்தி, முதலுதவி செய்து, முடிவில் பலம் ஏன் எவ்வளவு பிரயோகிக்கப்பட்டது என்பதைப் பொது நாட்குறிப்பில் எழுதுவதுபோல எழுதி, அதை வகுப்பின் முன் வாசிக்கச் சொல். வாய்விட்டு வாசிக்க வெட்கப்படும் ஒரு செயலை எவனும் இரண்டாம் முறை செய்யத் தயங்குவான். அனுமதி உடனே கிடைக்காமற்போகலாம். கிடைக்கும் வரையில் கேள். உன்னிடம் பயின்று வெளியேறும் ஒவ்வொருவரும் இன்னும் 30 ஆண்டுகளுக்கு மேல் இந்த நாட்டு ஜனங்களின் கதவைத் தட்டப்போகிறார்கள். அந்தக் கதவைத் திறக்கும் கிழவிக்கும் கூலிக்காரனுக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் நீ யாரென்று தெரியாது; ஆனால் அவர்களுக்குக் கிடைக்கும் மரியாதையிலும் அபயத்திலும் உன் உழைப்பு இருக்கும். அந்த உழைப்பைக் குறைத்துக்கொள்ளாதே.

உன் நலம் நாடும்,
பழைய சட்ட போதகன்